கூட்டணுமா, கழிக்கணுமா? வாழ்க்கைக் கணக்கைச் செய்யுள்போல வாசிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிப் பக்கத்தில் நான்காம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்கு எடுக்கும் ஆசிரியர்களும், சாயங்காலம் பிள்ளையோடு உட்கார்ந்து வீட்டுப்பாடம் பார்க்கும் பெற்றோரும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வெறும் எண்ணாக இல்லாமல் வாக்கியங்களில் கதைபோல வரும் கணக்கைத்தான் வாழ்க்கைக் கணக்கு என்கிறேன். எடுத்துக்காட்டுகளில் வரும் விலையும் கூலியும் கணக்குக்காகப் போட்டவை, சந்தை நிலவரம் அல்ல.

கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் தப்பில்லாமல் போடுகிற பிள்ளை, வாழ்க்கைக் கணக்கு வந்தால் மட்டும் ஏன் திகைத்து நிற்கிறது?

அதற்கு அங்கே இரண்டு வேலை இருக்கிறது. வாக்கியங்களைப் படித்து என்ன நடக்கிறது என்று மனதில் கட்டிக்கொள்வது ஒன்று. கட்டியதைக் கணக்காக்குவது மற்றொன்று. நாம் இரண்டாவதைத்தான் வருஷக்கணக்காகப் பழக்குகிறோம். முதலாவது தமிழ் வாத்தியார் வேலை என்று விட்டுவிடுகிறோம். வால்டர் கின்ச், ஜேம்ஸ் கிரீனோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1985-இல் எழுதிய கட்டுரையில் இதை விளக்கியிருக்கிறார்கள். அவர்களில் கின்ச் கதைகளையும் உரைகளையும் மனிதர் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்தவர். அந்த ஆய்வைத்தான் கணக்குக்குக் கொண்டுவந்தார்கள்.

அமெரிக்காவில் 1983-இல் வெளியான தேசிய மதிப்பீட்டு முடிவுகளில் ஒரு கணக்கு இன்றுவரை பேசப்படுகிறது. ஒரு பேருந்தில் 36 வீரர்கள் போகலாம், 1,128 வீரர்கள் போகவேண்டும், எத்தனை பேருந்து வேண்டும்? வகுத்தால் ஈவு 31, மீதி 12. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளில் 29 விழுக்காட்டினர் “31, மீதி 12” என்றே விடை எழுதினார்கள். 32 என்று சரியாக எழுதியவர்கள் 23 விழுக்காடு. வகுத்தல் தெரிந்த பிள்ளைகள்தான் அவர்கள். மீந்துபோன 12 பேர் நடுரோட்டில் நிற்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

அதற்கு இலக்கியம் எதற்கு? நிறுத்தி நிதானமாகப் படி என்று சொன்னால் போதாதா?

போதாது. “நிதானமாகப் படி” என்றால் பிள்ளை அதே வாக்கியத்தை மெதுவாகப் படிக்கும். எதைத் தேடிப் படிக்கவேண்டும் என்பதுதான் தெரியவேண்டும். யார் பேசுகிறார், எங்கே எப்போது நடக்கிறது, எந்தச் சொல் எதோடு போய்ச் சேர்கிறது, எது சொல்லாமல் விடப்பட்டிருக்கிறது என்று கேட்டுக் கேட்டுச் செய்யுளுக்குப் பொருள் கண்ட மரபு நம்முடையது. இதற்கான கருவிகள் தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் பெயரோடு இருக்கின்றன. செய்யுளின் சொற்களை எந்த வரிசையில் சேர்த்துப் பொருள் காண்பது என்று சொல்லும் பொருள்கோள் பத்தாம் வகுப்புத் தமிழிலேயே பாடம். அடுத்த வகுப்பறையில் இருக்கிற கருவியைக் கணக்கு வகுப்புக்கு எடுத்துவரச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

“மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி” என்று சொல்லிக்கொடுப்பது தப்பா?

தப்பு என்றுதான் சொல்வேன். மூன்றாம் வகுப்பில் அது விடை தரும், ஐந்தாம் வகுப்பில் ஏமாற்றும். இதைப் பாருங்கள்: “மாரியம்மாள் தன்னிடம் இருந்த நாரத்தங்காய்களில் 8-ஐ மைனிக்குக் கொடுத்தாள். மீதி 15. முதலில் எத்தனை இருந்தன?” உடனே 7 என்று விடை வரும். கேட்டால், “மீதின்னு வந்தா கழிக்கணும்லா சார்?” என்று பிள்ளை நம்மிடமே திருப்பிக் கேட்கும். கொடுத்த பிறகே 15 இருக்கும்போது முதலில் வெறும் 7 எப்படி இருந்திருக்கும் என்று அது யோசிக்கவில்லை. யோசிக்கவேண்டாம், சொல்லைப் பிடித்தால் போதும் என்று நாம்தான் பழக்கியிருக்கிறோம்.

ஒரு பாட்டில் “நிலா” என்று வந்ததும் இது காதல் பாட்டு என்று முடிவுகட்டும் மாணவனை எந்தத் தமிழாசிரியரும் ஒப்புக்கொள்ளமாட்டார். கணக்கு வகுப்பில் மட்டும் அதற்கு முழு மதிப்பெண் கொடுத்துவருகிறோம்.

அகப்பாட்டில் முதல், கரு, உரி என்று சொல்வார்களே, அது கணக்கில் எப்படி?

அகப்பாட்டுக்கு மூன்று பொருள். நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கே இருக்கிற மரம், பறவை, தொழில் முதலானவை கருப்பொருள். மனிதருக்குள் நடப்பது உரிப்பொருள். ஒன்றைவிட ஒன்று சிறந்தது என்று இந்த வரிசையிலேயே சொல்கிறது தொல்காப்பியம். அப்படியானால் உரிதான் தலை.

ஒரு கணக்கை இப்படிப் பிரிப்போம்: “பத்தமடையில் ஒரு பெண் ஆடி மாதத்தில் 25 நாள் பாய் நெய்தார். நாளுக்கு 2 பாய். பாய்க்குக் கூலி 90 ரூபாய். நூலுக்காக 600 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். கையில் கிடைத்தது எவ்வளவு?”

பத்தமடையும் ஆடியும் 25 நாளும் முதல். பாய், நூல், கூலி எல்லாம் கரு. உரி என்ன? நாள்தோறும் ஒரே அளவில் சேர்கிறது, கடைசியில் ஒரு பகுதி போகிறது. இதைப் பிள்ளை தன் வாயால் சொன்ன பிறகு 2 × 25 × 90 = 4,500, அதில் 600 போக 3,900 என்பது தானே வரும்.

இங்கே ஒரு நுட்பம். முதற்பொருள் சிலசமயம் வெறும் பின்னணியாக நிற்கும், சிலசமயம் கணக்குக்குள் இறங்கும். பத்தமடை என்ற ஊர்ப்பெயரை எடுத்துவிட்டாலும் விடை மாறாது. 25 நாளை எடுத்தால் கணக்கே இல்லை. எதை எடுத்தால் கணக்கு உடையும், எதை எடுத்தால் உடையாது என்று பிள்ளைகளைச் சோதிக்கவிடுங்கள். வகுப்பில் நல்ல வாக்குவாதம் நடக்கும்.

அடுத்து, உரியை வைத்துக்கொண்டு முதலையும் கருவையும் மாற்றச் சொல்லுங்கள். பத்தமடை போய் முக்கூடல் வரட்டும், பாய் போய்ப் பீடிக்கட்டு வரட்டும். கதை மாறினாலும் கணக்கு அதேதான் என்று பிள்ளை கண்டுபிடிக்கிற நிமிஷம் பெரிய நிமிஷம். ரைலி, கிரீனோ, ஹெல்லர் ஆகிய ஆய்வாளர்கள் 1983-இல் கூட்டல், கழித்தல் கதைகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள். இருந்தது மாறுவது, இரண்டைச் சேர்த்துப் பார்ப்பது, ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுவது. என் பார்வையில் இவை கணக்கின் உரிப்பொருள்கள். புணர்தல், பிரிதல் என்று ஐந்தைக் கற்கப்போகிற பிள்ளைக்கு இந்த மூன்று ஒரு பாரம் இல்லை.

பொருள்கோள் எந்த இடத்தில் உதவும்?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். செய்யுளில் சொற்கள் கிடக்கிற வரிசை ஒன்று, பொருள் கொள்ளும் வரிசை வேறு. அதை எட்டு வகையாகச் சொல்கிறது நன்னூல். எட்டும் கணக்குக்கு வேண்டாம், நான்கு போதும்.

ஆற்றுநீர்ப் பொருள்கோள். சொன்ன வரிசையிலேயே நடந்து முடியும். “பேருந்து பாளையங்கோட்டையில் 30 பேரோடு கிளம்பியது, வழியில் 8 பேர் இறங்கினார்கள், 5 பேர் ஏறினார்கள், இப்போது எத்தனை பேர்?” என்ற கணக்கு அந்த வகை. சின்ன வகுப்பில் இதையே கொடுங்கள்.

நிரல்நிறை. பெயர்களை ஒரு வரிசையாகவும் அவற்றுக்கு உரியவற்றை இன்னொரு வரிசையாகவும் நிறுத்துவது. கணக்கில் “முறையே” என்று வருகிற இடமெல்லாம் இதுதான். “ஒரு வயலில் கார், பிசானம் ஆகிய இரு போகங்களில் முறையே 18, 23 மூட்டை நெல் கிடைத்தது. மூட்டை விலை முறையே 1,400, 1,500 ரூபாய். மொத்த வருமானம் என்ன?” நான்கு எண்ணையும் பார்த்ததும் 18-ஐயும் 23-ஐயும் கூட்டி, விலைகளையும் கூட்டிப் பெருக்குகிற பிள்ளைகள் உண்டு. நிரல்நிறை தெரிந்த பிள்ளை காருக்கு நேரே 18-ஐயும் 1,400-ஐயும் கோடு போட்டு இணைக்கும்: 25,200. பிசானத்துக்கு 34,500. சேர்ந்து 59,700. செய்யுளில் எதிர்நிரல்நிறையும் உண்டு, வரிசை தலைகீழாகப் பொருந்தும். கணக்கில் அது வராது, “முறையே” என்ற சொல்லே அதற்கு உறுதி. இந்த வேறுபாட்டைக் கேட்டால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்கூட ஆர்வமாகிவிடுகிறார்கள்.

கொண்டுகூட்டு. சிதறிக் கிடக்கிற சொற்களை வேண்டிய இடத்தில் கொண்டுவந்து கூட்டுவது. “தார் 240 ரூபாய் என்று நான்குநேரியில் விற்ற வியாபாரி, களக்காட்டில் 180 ரூபாய் வீதம் வாங்கிய 50 தார்களில் 4 வழியில் அடிபட்டு வீணாகிவிட, வண்டிக்கு 900 ரூபாய் கொடுத்திருந்தார். லாபம் எவ்வளவு?” விற்றது முதலில் வருகிறது, வாங்கியது பிறகு வருகிறது, வண்டிக்கூலி கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எண்ணைத் தொடும் முன், நடந்த வரிசையில் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வாங்கினார், வண்டி பிடித்தார், நாலு தார் போச்சு, மிச்சத்தை விற்றார். இனி எழுதலாம். வாங்கியது 9,000, வண்டி 900, ஆகச் செலவு 9,900. விற்றது 46 தார், 11,040 ரூபாய். லாபம் 1,140. வரிசையை மாற்றிச் சொன்ன பிள்ளைக்கு 46 தானாக வருகிறது. சொல்லாத பிள்ளை 50-ஐ 240-ஆல் பெருக்கிவிடும்.

தாப்பிசை. நடுவில் நிற்கிற சொல் முன்னேயும் போய்ச் சேரும், பின்னேயும் போய்ச் சேரும். “4 பெட்டிகளில் 12 பொட்டலம் தலா கால் கிலோ அல்வா இருக்கிறது. மொத்தம் எத்தனை கிலோ?” “தலா” பின்னால் மட்டும் போனால், பெட்டிகளில் எல்லாமாகச் சேர்த்து 12 பொட்டலம், விடை 3 கிலோ. இரண்டு பக்கமும் போனால் பெட்டிக்கு 12, பொட்டலத்துக்குக் கால் கிலோ, விடை 12 கிலோ. இப்படி ஒரு வாக்கியம் தேர்வில் வந்தால் குற்றம் பிள்ளையுடையது அல்ல, எழுதியவருடையது. அதை எடுத்துச் சொல்லும் உரிமையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். “இதை ரெண்டு விதமா வாசிக்கலாம் சார்” என்று சொல்கிற பிள்ளைக்கு விடை எழுதியவனுக்குச் சமமான மதிப்பெண் போடலாம்.

“அதைவிட இது குறைவு” என்கிற ஒப்பீட்டுக் கணக்குகளில்தான் அதிகம் தவறு வருகிறது. அதற்கு ஏதாவது வழி உண்டா?

கூற்று என்று ஒன்று இருக்கிறதே. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று பேசுகிறவர் மாறும்போது அதே சம்பவம் வேறு முகம் காட்டும். கணக்கிலும் பேசுகிறவரை மாற்றிப் பார்க்கலாம்.

“முக்கூடல் கடையில் தேங்காய் 32 ரூபாய். இது அம்பாசமுத்திரம் கடை விலையைவிட 5 ரூபாய் குறைவு. அம்பாசமுத்திரத்தில் என்ன விலை?” குறைவு என்று வந்ததும் 27 என்று எழுதுவார்கள். லூயிஸ், மேயர் என்ற ஆய்வாளர்கள் 1987-இல் காட்டியது இதுதான். சொல் ஒரு பக்கம் இழுக்க, செய்யவேண்டிய கணக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்போது கல்லூரி மாணவர்கள்கூடத் தடுமாறுகிறார்கள்.

இரண்டு பிள்ளைகளை எழுப்பி நிறுத்துங்கள். ஒருவர் முக்கூடல் கடைக்காரர். “அண்ணாச்சி, நான் உங்களைவிட அஞ்சு ரூவா கம்மியா விக்கேன்.” மற்றவர் அம்பை கடைக்காரர், அவர் பதில் சொல்லவேண்டும். “அப்ப நான் உன்னைவிட அஞ்சு ரூவா கூட விக்கேன்.” அம்பைக்காரர் வாயால் “கூட” என்று வந்ததும் 37 வந்துவிடும். எழுத்தில் ஓரிரு நாள் பயிற்சி கொடுத்தாலும் இந்த நாடகத்தை விட்டுவிடாதீர்கள். காதால் கேட்பது நிற்கும்.

கணக்கிலேயே சொல்லாமல் விட்ட செய்திகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

செய்யுள் உறுப்புகளில் தொல்காப்பியம் எச்சத்தையும் எண்ணுகிறது. சொல்லாமல் விட்டதைக் கேட்பவர் நிரப்பிக்கொள்வது. பேருந்துக் கணக்கில் “யாரையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது” என்பதுதான் எச்சம். “ஒரு வாரம்” என்றால் 7 நாள் என்பதும் எச்சம்தான், யாரும் சொல்லித்தருவதில்லை. நம் பக்கத்துப் பெரியவர்கள் “மூணு கோட்டை நெல்லு” என்றால் கோட்டைக்கு 21 மரக்கால் என்பது அவர்களுக்கு எச்சம். பிள்ளைக்கு அது புதிர். ஆகவே ஒவ்வொரு கணக்கின் அடியிலும் “சொல்லாமல் விட்டது” என்று ஒரு வரி எழுதவையுங்கள். ஒன்றும் இல்லையென்றால் ஒன்றும் இல்லை என்றே எழுதட்டும்.

கொடுத்த எண்களை எல்லாம் எப்படியாவது பயன்படுத்தவேண்டும் என்று நினைக்கிறார்கள். என்ன செய்வது?

விடையே இல்லாத கணக்கை அவ்வப்போது கொடுங்கள். பிரான்சில் கிரெனோபிள் நகரத்து ஆய்வாளர்கள் 1980 வாக்கில் சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம், ஒரு கப்பலில் 26 செம்மறியும் 10 வெள்ளாடும் இருக்கின்றன, கப்பல் தலைவருக்கு வயது என்ன என்று கேட்டார்கள். 97 பேரில் 76 பேர் எண்களைக் கூட்டியோ வேறு விதமாகவோ ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். இந்தக் கேள்வியின் மூலம் ஒரு நாவலாசிரியரின் கடிதம். பிளாபேர் இளம்வயதில் தங்கைக்கு எழுதியபோது இப்படித்தான் கப்பலைப் பற்றி ஏதேதோ எண்களை அடுக்கிவிட்டுத் தலைவரின் வயதைக் கேட்டிருந்தார்.

வாழ்க்கைக் கணக்கை ஒரு தனி இலக்கிய வகையாகவே பார்க்கவேண்டும் என்று கனடா நாட்டுக் கல்வியாளர் சூசன் ஜெரோஃப்ஸ்கி 1996-இல் எழுதினார். அந்த வகையின் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு: கொடுத்த எண் எல்லாம் வேண்டும், வேண்டியது எல்லாம் கொடுக்கப்பட்டிருக்கும். பிள்ளைகள் கணக்கைவிட இந்தச் சட்டத்தைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். சட்டம் இருப்பதைக் காட்டிவிட்டு, அதை உடைக்கிற கணக்கையும் கொடுங்கள். “கூந்தன்குளத்தில் ஒரு மரத்தில் 14 கூடு, இன்னொன்றில் 9 கூடு. குளத்தின் ஆழம் என்ன?”

பழைய தமிழில் கணக்கைச் செய்யுளாக எழுதியிருக்கிறார்களாமே?

ஆமாம். காரிநாயனாரின் கணக்கதிகாரம் வழிகளைப் பாட்டாகவே சொல்கிறது. பலாப்பழத்தை அறுக்காமல் சுளையை எண்ண, காம்பருகே உள்ள சிறுமுள்ளை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்கச் சொல்லும் வெண்பா பலருக்கும் மனப்பாடம். குற்றாலச் சீசனில் பலாப்பழம் மலிவாகக் கிடைக்கும்போது ஒன்றை வாங்கி, முள்ளை எண்ணிக் கணக்குப் போட்டு, பிறகு அறுத்து எண்ணிப் பாருங்கள். எத்தனை வித்தியாசம் வந்தாலும் அதைப் பேசுங்கள். பாஸ்கரரின் லீலாவதி என்ற கணித நூலும் (1150) எதிரே ஒரு பெண் இருப்பதுபோல அழைத்துத்தான் கணக்குக் கேட்கிறது. கேட்போர் யார் என்று அங்கே தெளிவாக இருக்கிறது. நம் பாடநூல் கணக்குகளில் அந்தக் குரல் இல்லாதது எனக்கு வருத்தமே.

பாடம் முடிக்கவே நேரமில்லை. இதற்கெல்லாம் எங்கே போவது?

பத்துக் கணக்கு போடும் நேரத்தில் மூன்று போடுங்கள். கணக்கைத் தீர்ப்பதற்கு ஜார்ஜ் போலியா என்ற கணித அறிஞர் 1945-இல் வகுத்த நான்கு படிகளில் முதல் படியே கணக்கைப் புரிந்துகொள்வதுதான், அதற்கு நேரம் கொடுக்காமல் மற்ற மூன்றும் நடக்காது.

ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைக்கு இது பயன்படுமா?

படும். வீட்டில் கணக்கைத் தமிழில் கதையாகத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எந்த இடத்தில் சொல்ல வரவில்லையோ அங்கேதான் புரியவில்லை.

எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்படுகிற பிள்ளைக்கு?

நீங்கள் வாசியுங்கள், பிள்ளை கேட்கட்டும். ஆச்சியிடம் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்குக் கேட்டுப் புரிந்துகொள்ள வரும். அந்தப் பிள்ளையைக் கணக்கு வராத பிள்ளை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், தயவுசெய்து.

பிள்ளைகளே கணக்கு எழுதலாமா?

கட்டாயம் எழுதவேண்டும். வாசிக்க மட்டும் தெரிந்தவருக்கும் எழுதிப் பார்த்தவருக்கும் உள்ள வித்தியாசம் இதிலும் உண்டு. மழைக்காலத்தில் நெல்லைப் பதிப்பு நாளிதழைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று ஒவ்வோர் அணையின் முழு உயரமும் அன்றைய நீர்மட்டமும் வரும். அதை வைத்து ஆளுக்கொரு கணக்கு எழுதட்டும்.

பெரும்பாலும் இப்படித்தான் வரும்: “பாபநாசம் அணையில் நேற்று 95 அடி, இன்று 98 அடி. அணை நிரம்ப இன்னும் எத்தனை நாள்?” 143-இல் 98 போக 45, நாளுக்கு 3 அடி, ஆக 15 நாள் என்று விடையும் எழுதிவிடுவார்கள். இப்போது வேறொரு பிள்ளையிடம் அந்தத் தாளைக் கொடுத்து, இதில் எச்சம் என்ன என்று கேளுங்கள். மழை நின்றுவிட்டால் என்று ஒருவர் சொல்வார். கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் என்று இன்னொருவர். அணை மேலே போகப்போக அகலம், அதே தண்ணீருக்கு அத்தனை அடி ஏறாது என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு வேறு பாடமே வேண்டாம். எழுதிய பிள்ளையிடம் தாளைத் திருப்பிக் கொடுங்கள். கணக்கு நிற்பதற்கு எந்த வரியைச் சேர்க்கவேண்டும் என்று அதுவே யோசித்து, “தினமும் இதே அளவு ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால்” என்று எழுதிச் சேர்க்கட்டும்.